பழைய இரும்பும் புதிய மருந்தும்

1911-ஆம் ஆண்டு ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்திப்பில் காலை பத்தரை மணி தாண்டியிருந்தது. கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் மிக அருகில் வந்து அவரைச் சுட்டார். பிறகு நடைமேடையிலிருந்த கழிப்பறைக்குள் ஓடி, அதே துப்பாக்கியால் தன்னையும் முடித்துக்கொண்டார். அவர் சேர்ந்திருந்த நீலகண்ட பிரம்மச்சாரியின் குழு தென்காசியில் கூடிக் காளி படத்துக்கு முன் சத்தியம் செய்தது முதல் வழக்கின் தீர்ப்பு வரை இதைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. நமக்கு இங்கே வேண்டியது அந்தத் துப்பாக்கி மட்டும்.

அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். மடியில் செருகினால் வெளியே தெரியாது. அதே வகையில் 20 பிஸ்டல்களை லண்டனிலிருந்து சாவர்க்கர் ஆள் மூலம் பம்பாய்க்கு அனுப்பியிருந்தார். 1909 டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டதும் அவற்றில் ஒன்றுதான். இந்தப் பிஸ்டல்கள் சுடும்போது புகை மூடுவதில்லை. ஒரு குண்டு போனதும் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். இரண்டு வசதிகளுக்கும் காரணம் ஒன்றே. உள்ளே இருந்த மருந்து மாறிவிட்டது.

இருபத்தைந்து வருஷம் முன்னால் அதே சம்பவம் நடந்திருந்தால் கையில் இருந்திருக்கக்கூடியது கருமருந்தில் சுடும் சிறிய ரிவால்வர். முதல் வெடியிலேயே ரயில் பெட்டிக்குள் வெள்ளைப் புகை அடைத்திருக்கும். இரண்டாவது குறி பார்க்க, புகை விலகும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். தானியங்கிப் பிஸ்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கருமருந்தின் கசடு படிந்தால் அப்படிப்பட்ட நுணுக்கமான பொறி சில வெடிகளுக்குள் சிக்கி நின்றுவிடும்.

அலகாபாத் அருங்காட்சியகத்தில் சந்திரசேகர ஆசாத்தின் கோல்ட் பிஸ்டல் இருக்கிறது. அதிலிருந்து புகையே வராது, அதனால்தான் போலீசுக்கு அவர் இருந்த இடம் தெரியவில்லை என்று அவருடைய கடைசி மோதலைப் பற்றி ஒரு பெருமைக் கதை உலவுகிறது. ஆசாத்தின் வீரத்துக்கு அந்தக் கதை தேவையில்லை. எதிரே நின்று சுட்ட போலீஸ்காரர்களின் துப்பாக்கிகளும் அப்போது புகையில்லாமல்தான் சுட்டன.

மருந்து மாறிய அந்த இருபது, முப்பது வருஷத்தில் உலகம் முழுக்க லட்சக்கணக்கான சிறு ரிவால்வர்கள் அனாதையாயின. இரும்பு கெட்டுப்போகவில்லை, பொறியும் வேலை செய்தது. அவற்றுக்கு ஏற்ற தோட்டா மட்டும் கடையிலிருந்து மறைந்துபோனது. அப்படி ஒன்று தென்காசிப் பக்கம் இலத்தூரில் ஒரு பழைய வீட்டுப் பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். கொள்ளுத்தாத்தா எங்கோ உத்தியோகம் பார்த்தபோது வாங்கியது. ஐந்து குண்டு கொள்ளும் உருளை, கட்டைவிரல் நீளத்துக்குக் குழல், வழுவழுத்த மரப் பிடி. பார்க்க வந்தவர் கேட்கும் முதல் கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதான்: “அண்ணாச்சி, இதுக்குத் தோட்டா கிடைக்குமா?”

விளையாட்டான கேள்வி போலத் தெரிந்தாலும், இதற்குப் பதில் சொல்ல வேதியியல், உலோகவியல், சட்டம் மூன்றையும் தொட வேண்டும்.

கருமருந்திலிருந்து தொடங்கலாம். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. சபரிமலையில் வெடிவழிபாடு பார்த்தவர்களுக்கு இதன் குணம் தெரியும். தாழ்ந்த, கனத்த ஓசை. பந்தாக எழும் வெண்புகை. மூக்கில் நெடுநேரம் நிற்கும் கந்தக நெடி. கரி எரிய ஆக்சிஜன் வேண்டும். அதை வெடியுப்பு கொடுக்கிறது. காற்றை நம்பாமல் மூடிய குழலுக்குள்ளேயே எரிவதற்கு அதுதான் காரணம். கந்தகம் தீப்பற்றுவதைச் சுலபமாக்குகிறது. பீகாரின் வெடியுப்புக்காக ஐரோப்பியக் கம்பெனிகள் போட்டி போட்டன. பாளையக்காரர்களின் திரித் துப்பாக்கியும் கம்பெனிப் படையின் துப்பாக்கியும் எதிரெதிரே நின்று சுட்டது இதே மருந்தைத்தான்.

1875-இல் ஆண்ட்ரூ நோபிள், ஃப்ரெடரிக் ஆபெல் என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள் கருமருந்தை மூடிய எஃகுக் கலத்துக்குள் எரித்து, மிஞ்சியதை எடைபோட்டார்கள். நூறு பங்கு மருந்தில் ஏறக்குறைய 43 பங்கு மட்டுமே வாயுவாகிறது. மீதி 57 பங்கு திடப்பொருள். குண்டைத் தள்ளுவது அந்த 43 பங்குதான். பாதிக்கு மேற்பட்ட மருந்து வேலை செய்யாமல், வெண்புகையாகவும் குழலின் உட்சுவரில் கரிய கசடாகவும் போய்விடுகிறது.

அந்தக் கசடு என்ன? பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு. உப்புகள். குறிப்பாகப் பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே நீராகக் கசியும். ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரல் பெய்யும்போது தென்காசி வட்டாரத்துக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அந்த மாதத்தில் கருமருந்தில் சுட்ட துப்பாக்கியைத் துடைக்காமல் ஒரு ராத்திரி வைத்தால், காலையில் குழலுக்குள் செந்துரு பூத்திருக்கும். எண்ணெய் விட்டுத் துடைத்தாலும் போகாது, மண்ணெண்ணெயாலும் பயனில்லை. உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். கருமருந்துக் காலத்தில் சிப்பாய்கள் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவியது இதனால்தான். துப்பாக்கிக்குள் தண்ணீர் விடுவதா என்று இன்று பதறுவார்கள். ஆனால் வெந்நீர் உப்பைக் கரைத்தபின் சூட்டில் தானே உலர்ந்துவிடும். பிறகுதான் எண்ணெய்.

பழைய ரிவால்வரின் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் அதன் பூர்வீகத்தை ஓரளவு படித்துவிடலாம். குழலின் வரித்தடங்கள் கூர்மையாக, பளிச்சென்று இருந்தால் உடையவர் ஒழுங்காகக் கழுவியவர், அல்லது ஒருமுறைகூடச் சுடாதவர். அம்மைத் தழும்பு போலப் பள்ளம் பள்ளமாக இருந்தால் உப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தப் பள்ளங்கள் பார்வைக்கு மட்டும் கெடுதலல்ல. ஒவ்வொன்றும் இரும்பு மெலிந்த இடம், விரிசல் தொடங்கக்கூடிய இடம்.

அடுத்து புகையிலா மருந்து. 1846-இல் ஷோன்பைன் பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி வெடிபஞ்சு செய்தார். அது துப்பாக்கிக்கு அடங்காத முரட்டுச் சரக்கு. வெடித்த ஆலைகள் பல. அதைக் கரைத்துக் கூழாக்கி, மெல்லிய தகடுகளாக்கி அடக்கியவர் பிரெஞ்சு வேதியியலர் பால் வியேய், 1884-இல். பிறகு ஆல்ஃப்ரெட் நோபெலின் பாலிஸ்டைட் வந்தது. 1889-இல் பிரிட்டிஷாரின் கார்டைட். கார்டைட்டைச் செய்த இருவரில் ஒருவர் மேலே சொன்ன ஆபெல். கருமருந்தின் கசடை எடைபோட்டவரே அதற்குச் சாவுமணியும் அடித்தார்.

கார்டைட் செய்ய இந்தியாவில் பிரிட்டிஷார் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள அரவங்காடு. 1903-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. மலை ரயிலில் போகிறவர்கள் அந்த ஸ்டேஷன் பெயரைப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். நைட்ரோ சேர்ந்த இந்த மருந்துகள் சூட்டில் மெல்ல மெல்லத் தாமே சிதையும் என்பதால், குளிர்ந்த மலை இந்தத் தொழிலுக்குப் பொருத்தமான இடமும்கூட. கருமருந்துக்கு அந்தக் கவலை இல்லை. ஈரம் படாமல் வைத்தால் நூறு வருஷமானாலும் அதன் குணம் போகாது. ஆகவே பரணில் ரிவால்வரோடு பச்சை பூத்த பழைய தோட்டாக்கள் சிலவும் கிடைத்தால், செத்துப்போன சரக்கு என்று எண்ணிச் சுத்தியலால் தட்டிப் பார்க்கக் கூடாது. அடுப்பிலும் குப்பையிலும் போடக் கூடாது.

இரண்டு மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கருமருந்து மெதுவாக எரியும், புகையிலா மருந்து வேகமாக எரியும் என்பது அவர்கள் எண்ணம். திறந்த தட்டில் இரண்டையும் எரித்தால் நடப்பது நேர்மாறு. கருமருந்து ‘புஸ்’ஸென்று ஒரே கணத்தில் போய்விடும். புகையிலா மருந்து மஞ்சள் சுடராக நிதானமாக எரியும். அடைத்த இடத்தில்தான் கதை மாறுகிறது. மருந்து எரியும் வேகம் அதைச் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது என்பதைச் சூத்திரமாக எழுதியவரும் வியேய்தான். அழுத்தம் இரட்டித்தால் புகையிலா மருந்தின் எரிவேகமும் ஏறக்குறைய இரட்டிக்கும். வேகம் கூடினால் வாயு கூடும், வாயு கூடினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் மறுபடி வேகம் கூடும். வட்டிக்கு வட்டி ஏறும் கடன் போல. கருமருந்தில் இந்தச் சுழற்சி பலவீனமானது. அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அதன் எரிவேகம் கொஞ்சம்தான் கூடும். தொடக்கத்திலேயே ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். எரிவது குருணையின் மேற்பரப்பில் என்பதால் பெரிய பீரங்கிக்குப் பெரிய குருணை, சட்டைப்பை ரிவால்வருக்கு மிகப் பொடிக் குருணை என்று அளவை வைத்தே அதை ஆட்டுவித்தார்கள்.

போதாததற்கு, புகையிலா மருந்து அநேகமாக முழுவதும் வாயுவாகிறது. எடைக்கு எடை அதன் வலு பல மடங்கு. 1878-இல் வந்த .32 ஸ்மித் அண்ட் வெஸன் தோட்டாவின் சின்னக் கூட்டில் கருமருந்தைக் காற்றுக்கு இடமில்லாமல் நிறைத்து அழுத்துவார்கள். அதே வேலைக்குப் புகையிலா மருந்து கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை போதும். பழைய பழக்கத்தில் கூட்டை நிரப்பியவர்களின் துப்பாக்கிகள் கையிலேயே பிளந்தன.

பிளப்பது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிவால்வர் உருளையில் தோட்டா உட்காரும் அறையின் விட்டம் 9 மில்லிமீட்டர், அதைச் சுற்றியுள்ள சுவரின் கனம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோ அழுத்தம் வந்தால், கனமான குழாய்க்குரிய சூத்திரப்படி, சுவரின் உட்பக்கத்தை இழுத்துக் கிழிக்கப் பார்க்கும் விசை சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1,690 கிலோ. பழைய தேனிரும்பு நிரந்தரமாக நெளியத் தொடங்குவது 2,000 கிலோ அளவில். ஆக, தாங்கும், மிச்சமும் கொஞ்சம் இருக்கிறது. அழுத்தம் இரட்டித்து 1,400 ஆனால் இழுவிசை 3,370. இரும்பு தோற்றுவிடும். இந்த 700, ஒரு சிறு ரிவால்வரில் கருமருந்து எழுப்பக்கூடிய அழுத்தத்தின் அளவைச் சேர்ந்தது. 1,400 புகையிலா மருந்துக்குப் பெரிய காரியமே அல்ல.

கணக்கில் நான் சேர்க்காதவை இன்னும் இருக்கின்றன. உருளையின் வெளிப்புறத்தில், ஒவ்வொரு அறைக்கும் நேராக ஒரு சிறு வெட்டு இருக்கும். உருளை சரியான இடத்தில் நிற்பதற்கான பூட்டு அங்கேதான் விழுகிறது. சுவர் மிக மெலிந்த இடமும் அதுவே. பிளந்த ரிவால்வர்களின் படங்களில் கிழிசல் பெரும்பாலும் இந்த வெட்டு வழியாகவே ஓடியிருப்பதைக் காணலாம். அந்தக் காலத்து இரும்பில் கசடுக் கோடுகளும் உண்டு. பூட்டு தேய்ந்திருந்தால் அறையும் குழலும் நேருக்கு நேர் நிற்காது. ஈயக் குண்டு விளிம்பில் உரசிச் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும்.

இந்தத் தொல்லையைப் பெரிய ராணுவமே அனுபவித்தது. 1887-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட வெப்லி ரிவால்வர் கருமருந்துக்காகச் செய்யப்பட்டது. 1894-இல் அதன் தோட்டாவுக்குள் கார்டைட் வந்தது. நீளமான பழைய கூட்டில் கார்டைட் ஒழுங்காக எரியவில்லை என்று 1897-இல் கூட்டின் நீளத்தைக் குறைத்தார்கள். துப்பாக்கியின் உருளையைப் புது மருந்துக்கு ஏற்பக் கனமாக்கியது 1913-இல், ஐந்தாவது மாதிரியில்தான். மருந்து மாறிப் பத்தொன்பது வருஷம் கழித்து இரும்பு மாறியது. அதுவரை அளவைக் குறைத்துப் போட்டுச் சமாளித்தார்கள். ஆயுதச் சாலைகளும் பரிசோதகர்களும் கையிலிருந்த சாம்ராஜ்யம் செய்த சமாளிப்பை, சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒருவர் செய்யப் பார்ப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இலத்தூர் ரிவால்வருக்கு வருவோம். அதற்கு எந்தத் தோட்டா என்று கண்டுபிடிப்பது ஒரு சிறு புலனாய்வு. முதலில் உருளையைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கி அறிந்த ஒருவர்தான் இதைச் செய்ய வேண்டும். பிறகு, எப்படிப் பற்றவைக்கிறது என்ற கேள்வி. உருளையின் பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிறு காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அது கேப்பு வகை. மருந்தும் ஈய உருண்டையும் முன்பக்கமிருந்து தனித்தனியாகக் கெட்டித்து, காம்பின் மேல் செம்புக் கேப்பை மாட்ட வேண்டும். தோட்டா என்ற பொருளே அதற்குக் கிடையாது. அறையின் விளிம்பில் ஒரு சிறு பிளவு இருந்தால் ஊசி வகை. பிரெஞ்சுக்காரர் லெஃபோஷே 1835-இல் தொடங்கிவைத்தது. தோட்டாவின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் ஊசியைக் குதிரை எனப்படும் சுத்தியல் மேலிருந்து அடிக்கும். இந்தத் தோட்டாவின் பெரிய அளவிலான உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. குதிரையின் மூக்கு தோட்டாவின் விளிம்பில் அடித்தால் ஒரு வகை, நடுவில் அடித்தால் இன்னொரு வகை. விளிம்பில் அடிப்பதன் கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. நடுவில் அடிப்பதில்தான் ஏதாவது வழியுண்டு.

அடுத்த பொறி, குழலில் வெட்டியிருக்கும் எண். 38 என்று எழுதியிருக்கிறது, ஆகவே 0.38 அங்குலக் குண்டு என்று யாரும் நினைப்பார்கள். .38 ஸ்மித் அண்ட் வெஸன் குண்டின் உண்மையான விட்டம் 0.361 அங்குலம். அதே 38-ஐப் பெயரில் வைத்திருக்கும் .38 ஸ்பெஷலின் குண்டு அதைவிடவும் சிறியது, கூடு நீளம், அழுத்தமும் வேறு. பழைய தோட்டாக்களில் குண்டும் கூடும் வெளியே ஒரே பருமனாக இருக்கும். குண்டின் அடிப்பாகம் மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் நுழையும். பிற்பாடு குண்டு முழுவதையும் கூட்டுக்குள் அடக்கியபோது அது இளைத்தது, பெயர் மட்டும் பழைய பருமனிலேயே நின்றுவிட்டது. பிரிட்டிஷ் .320, .380, .442, .450 எல்லாவற்றிலும் இதே குழப்பம் ஏதோ ஒரு அளவில் உண்டு.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் எண்ணை நம்புவதில்லை. அறையையே அச்சு எடுக்கிறார்கள். முற்காலத்தில் உருக்கிய கந்தகத்தை ஊற்றினார்கள். இப்போது வெந்நீர்ச் சூட்டுக்குள் உருகும் பிஸ்மத் கலவை உலோகம் இருக்கிறது. ஆறியதும் அறையின் வடிவம் ஒரு சிறு உலோக விரலாகக் கழன்று வரும். அதைக் காலிப்பரால் அளந்தால் விட்டம், நீளம், குறுகும் தோள் எல்லாம் தெரியும். சில மலிவு ரிவால்வர்களில் அந்தத் தோளே இருக்காது. அறையை நேராகத் துளைத்துவிட்டிருப்பார்கள். அதில் தேவைக்கு மேல் நீளமான தோட்டாவும் தடையில்லாமல் உள்ளே போகும். உள்ளே போகிறது என்பது பொருந்துகிறது என்பதற்குச் சாட்சி அல்ல.

பிறகு முத்திரைகள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் வெப்லியின் ‘புல்டாக்’ மாதிரியைப் பார்த்து மலிவு ரிவால்வர்களை உலகத்துக்கே செய்து தள்ளியது. வாஞ்சியின் பிரவுனிங்கைச் செய்த தொழிற்சாலை இருக்கும் ஹெர்ஸ்டால், அதே லியேஜை ஒட்டிய ஊர்தான். அங்கே ஒவ்வொரு துப்பாக்கியும் அளவுக்கு மீறிய மருந்தில் சோதிக்கப்பட்டு, நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்து முத்திரை பெறும். அந்த முத்திரை மட்டும் இருந்தால் அது கருமருந்துச் சோதனையைத் தாண்டியது என்று பொருள். புகையிலா மருந்துக்கு அங்கே தனி முத்திரை பின்னால் வந்தது. இங்கிலாந்தில் 1904 விதிகளுக்குப் பின், புகையிலா மருந்தில் தேறியவற்றுக்கு என், பி என்ற எழுத்துகளைக் குத்தினார்கள். முத்திரை தேய்ந்து படிக்க முடியவில்லை என்றால் கருமருந்துத் துப்பாக்கி என்றே கொள்ள வேண்டும். சந்தேகத்தின் பலன் இங்கே கைவிரல்களுக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தபின் மேலை நாட்டுச் சேகரிப்பாளர் என்ன செய்கிறார்? கருமருந்தோ, பைரோடெக்ஸ் போல அதை ஒத்த புகை மருந்தோ வைத்து, மெழுகும் கொழுப்பும் தடவிய மென் ஈயக் குண்டோடு சிறு ஆலைகள் செய்யும் தோட்டாவை வாங்குகிறார். அல்லது பழைய கூட்டின் அளவுக்கு வேறொரு கூட்டைக் கடைந்து தானே நிரப்புகிறார். ஒன்றிரண்டு முறை சுட்டு, வெந்நீரில் கழுவிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்.

இந்தியாவில் அந்தக் கடை இல்லை. ரிவால்வர் உரிமம் உள்ளவர்களுக்கு இங்கே பரவலாகக் கிடைப்பது .32 தோட்டா. புனே அருகே கட்கியில் செய்வது, கான்பூரில் செய்யும் .32 ரிவால்வருக்கானது, புகையிலா மருந்து நிரப்பியது. பெயரில் 32 இருக்கிறதே என்று அதை 1880-களின் ரிவால்வரில் போட்டால், மேலே போட்ட கணக்கின் இரண்டாவது பகுதி போல உருளை பிளக்கக்கூடும். இன்னும் மோசமானது பட்டாசு மருந்து. சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அந்த யோசனை இங்கே சுலபமாக வருகிறது. ஓசைக்காகச் செய்த வெடிகளில் அலுமினியப் பொடி கலந்த கலவை இருக்கும். குண்டைத் தள்ளுவதற்காக அல்ல, கூட்டைச் சிதறடிப்பதற்காகவே செய்தது அது. துப்பாக்கிக்குள் போனால் துப்பாக்கிதான் கூடு. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது? நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறு. அமெரிக்காவில் 1898-க்குள் செய்ததா என்று வருஷத்தைப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் சுவாரசியமான வழி: அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா வழக்கொழிந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். வழக்கொழிந்த தோட்டாக்களுக்கு அரசுப் பட்டியலே உண்டு. குற்றவாளிகள் பழைய ரிவால்வர்களை வாங்கி அவற்றுக்கு வீட்டில் தோட்டா செய்துகொள்ளத் தொடங்கியதும், 2021-இல் .320, .442 உள்ளிட்ட 7 வகைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். நேற்று வரை அலமாரிப் பொம்மையாக இருந்தது, தோட்டா கிடைத்துவிட்டதால் மறுபடி ஆயுதமாகிவிட்டது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நல்ல அறிவியலை நான் அதிகம் பார்த்ததில்லை. ரிவால்வர் என்பது இரும்பும் மருந்தும் சேர்ந்த ஒரு ஜோடி. ஒன்றில்லாமல் மற்றது சும்மா.

இந்தியாவில் நிலைமை கடுமை. 1801 டிசம்பரில், பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, தெற்கத்திச் சீமையில் ஆயுதம் தரிப்பதைக் கம்பெனி தடைசெய்தது. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழம்பொருளுக்கு ஒரு விலக்குத் தருகிறது. பிரிவு 45-இல் அதன் வாசகத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். பழைய மாதிரியாகவோ பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ பழுதானதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாததாக இருந்தால்தான் அந்த விலக்கு. எத்தனை வருஷப் பழசு என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. தோட்டா கிடைக்கவில்லை என்பதும் செல்லாது. குதிரை விழுந்து, உருளை சுழன்றால் இலத்தூர் ரிவால்வர் அந்தப் பிரிவின் கண்ணில் நேற்றுச் செய்த துப்பாக்கிதான். தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். கருமருந்து வைத்திருப்பதும் செய்வதும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வரும்.

ஆகவே அண்ணாச்சியிடம் கேட்ட கேள்விக்கு என் பதில்: தோட்டா தேடாதீர்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயரில் இருந்த உரிமம் அவரோடு போய்விட்டது. பரணில் கிடைத்ததை எண்ணெய் போட்டுத் துடைக்கவோ விசையை இழுத்துப் பார்க்கவோ வேண்டாம். விவரத்தைக் காவல் நிலையத்துக்குச் சொல்லி, தாமதமில்லாமல் அங்கே ஒப்படையுங்கள். கூடவே கிடைத்த தோட்டாக்களைப் பற்றியும் சொல்லுங்கள். அவற்றை நீங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ள விருப்பமென்றால் வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வழியிருக்கிறது. உரிமம் கிடைத்துத் துப்பாக்கி கைக்குத் திரும்பினாலும், புகையிலா மருந்துத் தோட்டா எதையும் அதற்குள் போடாதீர்கள்.